உரிய வடிவத்தில் இல்லை

டீச்சர்,

போன சனிக்கிழமை காலை. திருநள்ளாற்றில் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெரு முழுக்க வெளியூர் வண்டிகள். வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் போன் இருப்பதால் பத்து மணிக்கே நெட் படுத்துவிட்டது. மடிக்கணினியில் ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இணையவழிப் பாடம் நடத்தப்போகிறார்கள். எந்தச் செயலியில் நடத்துவது, வருகையை எப்படிக் குறிப்பது என்று எழுதித் திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் தர வேண்டும். பொறுப்பு மறுபடியும் என் தலையில்தான். கம்ப்யூட்டர் டீச்சர் ஒருத்தி இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து என் போன் இடம் நிறைந்துவிட்டது என்றது. அதே பழைய போன்தான். மேல் கண்ணாடியில் விரிசல் விழுந்தும் மாற்றவில்லை. எதை அழிக்கலாம் என்று தேடியபோது வாட்ஸ்அப்பில் ஒரு குழு வந்து நின்றது: '9 பி கணக்கு'. உள்ளே உங்கள் குரல் பதிவுகள், நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு மைக் படம், பச்சை நிறத்தில். நான் கேட்டிருந்தால் அது நீலமாகியிருக்கும். கடைசி வரை தள்ளிப் பார்த்தேன், ஒன்றுகூட நீலமில்லை. மொத்தத்தையும் அழிக்கும் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்த மனம் வரவில்லை என்று சொன்னால் அது பெருமை. பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதற்கு முன்னால் என்னை யார் மதித்தார்கள்? கம்ப்யூட்டர் பீரியட் என்றால் மற்ற டீச்சர்கள் பாடம் முடிக்கக் கடன் வாங்கிக்கொள்கிற பீரியட். திடீரென்று ஊரே என்னைத் தேடியது. ஆசிரியர்களை இடைவெளி விட்டு உட்கார வைத்து இரண்டு நாள் பயிற்சி நடத்தினேன். நேரலை வகுப்புக்கு ஒன்று, வீடியோ பதிவுக்கு ஒன்று, வினாடி வினாவுக்கு ஒன்று, திரையில் எழுதிக் காட்ட ஒன்று என்று பதினொரு செயலிகள். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினீர்கள். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"ஏம்மா, இதுல எது பாலித்தீன் பையில போயிட்டு வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் கேக்குறேன். நம்ம மண்டபத்தூரு புள்ளைங்க வீட்ல ஒரு போனுதான். அத அப்பா பாலித்தீன் பையில சுத்திக் கடலுக்கு எடுத்துட்டுப் போயிடுறாரு. கரைக்கு வந்து, மீன எறக்கி, குளிச்சி, சாப்ட்டுப் படுத்தாதான் போனு புள்ள கைக்கு வரும். காலையில பத்து மணிக்கு நீங்க லிங்க் அனுப்பினா அது கடல்ல போயி மீனுக்குத்தான் பாடம் நடத்தும்."

அதற்கும் சிரித்தார்கள். விதி விதிதான் டீச்சர் என்று நான் சொன்னேன். புதுச்சேரியிலிருந்து வந்த சுற்றறிக்கையில் நேரலை என்றுதான் இருந்தது. எத்தனை மணிக்கு, எந்த இணைப்பில், எத்தனை பேர் என்று மூன்று கட்டம் போட்டு ஒரு படிவம் தயார் செய்தேன். அந்தப் படிவத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். தாங்களே பெற்ற பிள்ளை மாதிரி சிலர் படிவத்தைக் கொஞ்சுவார்கள், நான் அந்த ரகம்.

நீங்கள் உங்கள் வழியில் போனீர்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாத குரல் பதிவுகளாகக் கணக்கை நடத்தினீர்கள். கரும்பலகை இல்லாமல் கணக்கா என்று ஆசிரியர் அறையில் பேச்சு ஓடியது. ஒவ்வொரு வகுப்புக் குழுவிலும் கண்காணிக்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் என்னையும் சேர்த்தீர்கள். நான் சேர்ந்த அன்றே அந்தக் குழுவின் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்று போன் கேட்டது. எப்போதும் என்றேன்.

மாதக் கடைசியில் என் படிவத்தில் உங்கள் வரிசை காலியாக இருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் 'நேரலை வகுப்பு நடத்தவில்லை' என்று என் கையால் தட்டினேன். பொய்யில்லை. ஆனால் அதை எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடந்தது. உங்களிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அதற்கு நீங்கள் எழுதிய பதிலோடு ஒரு நோட்டின் நகலையும் இணைத்திருந்தீர்கள். தேதி வாரியாகப் பெயர்கள், 'கேட்டவர்கள்' என்று தலைப்பு. ஹெச்.எம். அதை என்னிடம் நீட்டி, "இது செல்லுமாம்மா?" என்று கேட்டார். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். "அவங்க மனசுக்கு எழுதுன கணக்கு சார்" என்றேன். பெயர்களைக் கீழ் வரை படிக்காமலேயே நகலின் மேல் ஓரத்தில் 'உரிய வடிவத்தில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து என்று நீங்களே ஒரு முறை சொல்லியிருக்கிறீர்கள்.

அதன் பிறகு நீங்கள் இரண்டையும் செய்தீர்கள். உங்கள் ஊரான பட்டினத்தில் வீட்டு மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். காலையில் அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு நாலு பிள்ளைகளுக்கு நேரலை. மத்தியானம் அதே பாடத்தை முப்பத்தெட்டுப் பேருக்கும் குரலில். என் படிவம் நிறைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதிய உணவு அரிசியைப் பிள்ளைகளின் வீட்டாருக்குக் கொடுக்கப் பள்ளிக்கு வந்த ஒரு நாள் என்னிடம் கேட்டீர்கள்: "நீங்க ஒண்ணே ஒண்ணாச்சும் கேட்டுப் பாருங்களேம்மா."

"கேட்டேனே டீச்சர். நல்லா இருந்துச்சு" என்றேன்.

நீங்கள் என்னை ஒரு நொடி பார்த்தீர்கள். "அப்படியா, சந்தோஷம்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் பாராட்டில் குளிர்ந்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த அலையில் உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். பத்து நாள்தான். அடக்கத்துக்கு யாரும் வர முடியாது, வரவும் வேண்டாம் என்று ஆசிரியர் குழுவில் செய்தி வந்தது. அந்த நேரம் நான் ஒரு வினாத்தாளை ஏற்றிக்கொண்டிருந்தேன். கும்பிடும் கை ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டு மிச்சத்தை ஏற்றினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை டீச்சர்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நெட் இல்லாததால் எந்தச் செயலியும் திறக்கவில்லை. உங்கள் குரலுக்கு நெட் தேவையில்லை, அது என் போனுக்குள்ளேயே இருந்தது. நடுவிலிருந்து ஒன்றைத் தொட்டேன். முதலில் காற்றுச் சத்தம். பிறகு நீங்கள்.

"புள்ளைங்களா, அப்பாவோட வல கொல்லையில காயுதா? போயி ஒரு கண்ணிய விரிச்சிப் புடிங்க. நாலு பக்கமும் ஒரே அளவா இருக்கா? இதுதான் சாய்சதுரம். இப்ப மேலயும் கீழயும் புடிச்சி இழுங்க. குறுக்க சுருங்குதா? பக்கம் மாறல, மூலைவிட்டம் மாறுது. ரெண்டு மூலைவிட்டமும் எந்தக் கோணத்துல வெட்டிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் எழுந்து கொடியில் கிடந்த கொசுவலையை இழுத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். திரையில் எழுதிக் காட்டும் செயலியில் நான் இதே சாய்சதுரத்தை நாலு வண்ணத்தில் சுழற்றிக் காட்டியிருக்கிறேன். அது இப்படிக் கையில் சுருங்கி விரியவில்லை.

பாடம் முடிந்ததும் நீங்கள் நிறுத்தவில்லை.

"ஒரு விஷயம். நான் அனுப்புனத அழுத்திப் புடிச்சி உள்ள போயிப் பாத்தா, யாரு கேட்டா, எப்ப கேட்டான்னு எனக்குத் தெரியும். அதனால கேக்காமயே கேட்டேன்னு சொல்லாதீங்க. எல்லாரும் கேட்டாத்தான் என் போன்ல மைக்கு நீலமாவும். இந்தக் குரூப்புல முப்பத்தொம்பது பேரு கேக்கணும். நேத்து முப்பத்தெட்டுப் பேரும் கேட்டுட்டீங்க, அல்ஹம்துலில்லாஹ். ஒரு ஆளுதான் பாக்கி. அது நல்ல புள்ள. வேல ஜாஸ்தி, பாவம். யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, கேக்குறப்ப கேக்கட்டும்."

வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தொன்பதாவது ஆள் நான்.

பதினொரு செயலி சொல்லிக்கொடுத்த எனக்கு இந்த ஒன்று தெரியாது டீச்சர். அந்த நோட்டு மனசுக்கு எழுதின கணக்கு இல்லை. போன் சொன்னதைச் சாயங்காலம் சாயங்காலம் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய வருகைப் பதிவேடு. இருந்த எல்லாப் படிவங்களிலும் அதுதான் உண்மையான படிவம். 'கேட்டேனே, நல்லா இருந்துச்சு' என்று நான் சொன்னபோதே அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சந்தோஷம் என்றீர்கள். என்னைத் திட்டியிருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அன்று முழுக்க நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்து நெட் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு. திரையில் உங்கள் பெயர். எடுத்தேன். உங்கள் மகள் நஸ்ரின்.

"ஆன்ட்டி, அம்மா போன நான்தான் வச்சிருக்கேன். நம்பர விட மனசு வரல. அவங்க குரல் அந்தக் குரூப்புலதான் நெறய இருக்கு, அப்பப்ப எடுத்துக் கேப்பேன். இன்னைக்குப் பாத்தா ஒண்ணு நீலமா இருக்கு. உள்ள போயிப் பாத்தேன், உங்க பேரு. இப்பதான் கேட்டீங்களா?"

"ஆமாம்மா. இப்பதான்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா தெனமும் பாப்பாங்க ஆன்ட்டி. முப்பத்தெட்டு ஆயிட்டு, இன்னும் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க. ஒரு நாளாச்சும் நீலமாவும்னு ரொம்ப ஆசையா இருந்தாங்க."

சொல்லிவிட்டு அவளே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தைத் திருத்தி எழுதினேன். நேரலை ஒரு வழி. குரல் பதிவு இன்னொரு வழி, போன் வீட்டுக்கு வரும் நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். வருகை என்ற இடத்தில் 'கேட்டவர்கள்' என்று உங்கள் தலைப்பையே போட்டேன். திங்கட்கிழமை ஹெச்.எம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அவர் புதியவர், உங்களைத் தெரியாது.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது உரிய வடிவத்துல இல்லியே. மேல ஏத்துக்க மாட்டாங்க. பழைய படிவம் ஒண்ணு இருக்கே, அதுலயே குடுத்துடுங்க."

"அந்தப் பழைய படிவத்தப் போட்டதே நான்தான் சார். அது தப்பு" என்றேன். அறையில் இருந்த இரண்டு டீச்சர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தாளை மேஜை இழுப்பறையில் வைத்தார். அங்கேயேதான் இருக்கிறது. என்ன முடிவாகும் என்று தெரியவில்லை, மெமோ வந்தாலும் வரும். வரட்டும், எப்படிப் பதில் எழுதுவது என்பதை உங்களிடம் பார்த்திருக்கிறேன்.

போனில் இடம் வேண்டுமே என்று அந்தப் பதினொரு செயலிகளுக்கும் நான் எடுத்த பயிற்சி வீடியோக்களை அழித்தேன். உங்கள் குரல் அப்படியே இருக்கிறது. முதல் பாடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றுதான் கேட்கிறேன். ஒரே மூச்சில் கேட்டுவிட முடியும். ஆனால் தீர்ந்துவிட்டால் பிறகு என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. நான் கேட்கிற ஒவ்வொன்றும் பட்டினத்தில் உங்கள் போனில் நீலமாகிறது என்று நஸ்ரின் சொல்கிறாள். அதை நீங்கள் பார்க்கவில்லை என்பதை எதுவும் மாற்றாது.

உங்கள் நோட்டு அவளிடம்தான் இருக்கிறதாம். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு நாளும் முப்பத்தெட்டுப் பெயர்கள், அடியில் முப்பத்தொன்பதாவதாக என் பெயர். மற்றவர்கள் அன்றே கேட்காத நாளில் அவர்களுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறீர்கள். என் பெயருக்கு நேரே மட்டும் ஒரு நாளும் ஆப்சென்ட் போடவில்லை. வருவேன் என்று இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.