அஸ்திவாரத்துக்குள் ஒரு தாழி

14 ஜூன் 2006

ஜனனியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைத்து ஒரு வருஷம் ஆயிற்று. மாமனாருக்கு இன்னும் ஆறவில்லை. "சோழன் பாடம் படிக்கத் தஞ்சாவூர் வரைக்கும் போகோணுமா? பனியன் கம்பெனிக்காரன் ஊட்டுப் புள்ளைக்கு வேற சோலி இல்லியா?"

பள்ளியில் வரலாறு என்றாலே அழுத பிள்ளை, பெரிய கோயிலைப் பார்த்து வந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறது. எரிகிறவர்களுக்கு எரியட்டும்.

22 ஜூன்

சென்னை மியூசியம். ஆள் உயர மண்தாழி ஒன்று. பழைய காலத்தில் செத்தவர்களை அதற்குள் வைத்துப் புதைப்பார்களாம். ஜனனி அதை விட்டு நகரவே இல்லை. அங்கிருந்த அதிகாரி குனிந்து, "உங்க ஊர்ல இந்த மாதிரி பார்த்தா எனக்குப் போன் பண்ணணும், சரியா?" என்று நம்பர் கொடுத்தார். ரயிலில் அந்த நம்பரையே ஒப்பித்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரே பெருமை.

3 ஜூலை

எங்கள் குன்னத்தூர் தோட்டத்தில் பனியன் கம்பெனியின் புது யூனிட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பாதியில் ஜேசிபி நின்றுவிட்டது. மேஸ்திரி காசிமாயன் ஓடி வந்தான். "ஐயா, பெரிய பானை வாய் தெரியுது. எனக்கு மனசே சரியில்ல."

ஜனனி எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது பானை இல்ல, தாழி. உள்ள ஆள் இருக்காங்க."

என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "வெளிய தெரிஞ்சா சர்க்கார்காரன் வந்து வேலி போட்டுருவான். புள்ள வாயத் தொறந்தா ஊட்டி ஹாஸ்டல்தான், பாத்துக்க."

4 ஜூலை

குழியோரம் சேவல் அறுத்துச் சூடம் கொளுத்தினார்கள். அப்புறம் கடப்பாரை. உடைகிற சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த கார் வரைக்கும் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஜனனி பொத்தவில்லை.

5 ஜூலை

கான்கிரீட் போட்டாயிற்று.

9 ஜூலை

சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். தலையணைக்குக் கீழே ஒரு சிவப்பு ஓடு - அந்தத் தாழியினுடையது. எப்போது எடுத்தாள்? இவர் கண்ணில் பட்டால்?

12 ஜூலை

சென்னையிலிருந்து போன். அந்த அதிகாரி. "உங்க பொண்ணு பேசினா. தோட்டத்துல தாழி கிடைச்சுதாமே, வந்து பார்க்கலாமா?"

இவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. ஐயோ, என்னத்தச் சொல்லுவேன்? அவள ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டா நான் எப்படி இருப்பேன்?

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மியூசியம் பாத்த ஆசையில புள்ள கதை கட்டுதுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே ஜனனி.

2 ஆகஸ்ட்

"திருச்சி மியூசியம் போலாமா கண்ணு?"

"வேண்டாம்மா. அங்க இருக்கறதெல்லாம் ஆராச்சும் நெசத்தச் சொன்னதாலதான வந்துச்சு?"

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அழுதாலாவது சமாதானம் செய்யலாம்.

11 ஜூன் 2007

புது யூனிட்டில் நல்ல ஓட்டம். மாமனாருக்கு வாயெல்லாம் பல்.

இன்று ஜனனியை ஊட்டி ஹாஸ்டலில் விட்டு வந்தோம். இவர் அனுப்பவில்லை. அவளேதான் கேட்டாள்.

பெட்டி அடுக்கும்போது அந்தச் சிவப்பு ஓடு கையில் பட்டது. "அங்க தொலைஞ்சு போயிரும் கண்ணு, அம்மாகிட்டக் குடு, பத்திரமா வெச்சிருக்கறேன்" என்றேன்.

"உங்ககிட்ட வேண்டாம்மா" என்று வாங்கிக்கொண்டாள்.