கரண்ட் போகவில்லை

சித்திரை, வெள்ளிக்கிழமை.

ரிட்டயர் ஆனதிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்காவும் (எனக்கு நங்கையா) அவர் புருஷனும் (நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்) கோடையெல்லாம் மருந்தடிக்காமல் பயிர் செய்யும் எங்கள் காட்டில்தான் வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு இது முதல் கோடை.

இன்று கிழங்குக்குத் தண்ணீர் பாய்ந்தது. பாத்திக் கடைசியில் நின்று நங்கையா கூவினார்: "ஏனுங்க, ரொம்பிருச்சு, மடையைத் திருப்புங்க!"

"வாரேன், ஊரையே கூட்டாத" என்று அண்ணன் மண்வெட்டியோடு சிரித்தார்.

அது நானும் என் வீட்டுக்காரரும் செய்த வேலை; நான் கூப்பிடுவேன், அவர் திருப்புவார். பொறுக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, "கரண்ட் போயிருச்சுங்க" என்றேன்.

நங்கையா நம்பிவிட்டார். "நாளைக்குப் பாய்ச்சிக்கலாம் சாமி. நீ கடைசில நின்னு கூப்பிடு, அண்ணன் திருப்பட்டும்."

அங்கே நின்று இன்னொருத்தரைக் கூப்பிட எனக்கு வாய் வராது. கிழங்கு வாடுகிறது, தெரியும். இருந்தாலும் நாளைக்கு நிஜமாகவே கரண்ட் வராமல் இருக்கட்டும்.