என் கணவர் சோறு கொடுத்தது தாழைக்கோழிக்கே

அனுப்புநர்:
செ. நல்லம்மாள்,
ரப்பர் பால்மரத் தொழிலாளி, நான்காம் லயம்,
ஹார்டிங்டன் தோட்டம், கோல சிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோல சிலாங்கூர்.

பொருள்: பறவைக்குச் சோறு கொண்டுபோய்க் காவலில் இருக்கும் என் கணவர் செல்லனை விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இத்தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுபவர். முள்வேலிக்கு வெளியே, சதுப்பில், கண்ணியில் கால் சிக்கிக் கிடந்த நீலத் தாழைக்கோழி ஒன்றைத் தை மாதம் விடுவித்தார். அதற்கு உடம்பெல்லாம் ஊதா. அலகும் நெற்றியும் காலும் நல்ல சிவப்பு. அன்றுமுதல் அவர் மண்வெட்டிச் சத்தம் கேட்டால் நாணலை விலக்கிக்கொண்டு வந்து நிற்கும். அவரும் தலைப்பாகைக்குள் ஒரு பிடி பழைய சோறு மறைத்துக் கொண்டுபோவார். இந்த அவசரகாலத்தில், காட்டிலுள்ள கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகளுக்குப் போய்ச்சேரும் என்பதால், வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோவது குற்றம் என்று அவருக்குத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை.

2. செவ்வாய்க்கிழமை காலை, வாசல் காவலில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் கிளாரன்ஸ் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்ல, சோறு விழுந்தது. "யாருக்குய்யா இது?" என்றார். என் கணவர் வீட்டில் பேசும் பழக்கத்திலேயே, "நம்ம ஊதாச் சட்டைக்காரருக்குங்க. செவப்புத் தொப்பி. நாணலுக்குள்ள குடும்பத்தோட இருக்காரு" என்றாராம். "மொத்தம் எத்தனை பேரு?" "ஆறு பேருங்க." கிளாரன்ஸ் எழுதிக்கொண்டு தொலைபேசிக்கு ஓடினார். அதன்பின் என் கணவர் "கோழிங்க, கோழிங்க" என்று கத்தியதை எவரும் எழுதவில்லை.

3. இரண்டு லோரிப் பட்டாளம் வந்து சதுப்பை வளைத்தது. இடுப்பளவு சேற்றில் நான்கு மணி நேரம். ஒருவருடைய பூட்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. கடைசியில் தாழைக்கோழி தன் துணையோடும் நான்கு கறுத்த குஞ்சுகளோடும் வெளியே வந்து, சார்ஜண்ட் கையிலிருந்த பிஸ்கட்டைக் கொத்திக்கொண்டு போனது. லயத்து ஆட்கள் நாற்பது பேர் சாட்சி. சார்ஜண்டே சிரித்துவிட்டார்.

4. ஆயினும், ஆறு பயங்கரவாதிகள் என்று மேலிடத்துக்குப் போன அறிக்கையை ஆறு கோழிகள் என்று திருத்த ஒருவருக்கும் துணிவில்லை. ஆகவே என் கணவர் நான்காம் நாளாகக் காவலில் இருக்கிறார். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். ஐயா, அவர் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். அங்கே அவருக்கு யாரைத் தெரியும்?

5. தாங்கள் நேரில் வந்து சதுப்பைப் பார்த்து, உண்மையை எழுதி, அவரை விடுவிக்க வேண்டும். இனி சோறு வேலி தாண்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்காமல், "குஞ்செல்லாம் நல்லா இருக்கா?" என்றார். இந்தக் குற்றத்தை வீட்டிலேயே விசாரித்துக்கொள்வேன். அதற்காவது அவரை விரைவில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஹார்டிங்டன் தோட்டம்
நாள்: 14.3.1952

இப்படிக்கு,
செ. நல்லம்மாள்
(இடது பெருவிரல் ரேகை)

சொல்லச் சொல்ல எழுதியவர்: கான்ஸ்டன்ஸ், தோட்டப் பள்ளி ஆசிரியை