முதலில் எழுந்தது நீங்கள்தானாமே, அண்ணா

என் அருமை அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் காலையிலிருந்து அண்ணி என்னோடு பேசவில்லை. கட்சித் தலைமையிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. எப்போதும் வாசலில் நிற்கும் நம் கட்சிக்காரர்களில் ஒருவரையும் காணோம். நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அண்ணி நிற்க மாட்டேன் என்றுவிட்டார். தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எனக்கு அரசியல் என்ன தெரியும்? உங்கள் படத்தோடு தெருத்தெருவாக நடந்தேன், அவ்வளவுதான். முடிச்சூரில் போன இடமெல்லாம் ஒரே பேச்சு: "கட்சியே ஒரு பக்கம் நின்னப்போ, எங்களுக்காக வேணாம்னு சொன்ன மனுஷன்."

ஆற்றோரத்து வீடுகளை எடுக்கும் மசோதாவைத்தான் சொன்னார்கள். அதை எதிர்த்து ஓட்டுப் போட்டதாக ரேஷன் கடை முன்னால் நின்று நீங்களே சொன்னீர்கள். "கொறடா முறைச்சாரு, நான் அசரலை" என்றீர்கள். கூட்டத்தில் நானும் நின்று கைதட்டினேன். அதனால்தான் உங்களுக்கு மந்திரி பதவி கிடைக்கவில்லை என்று இத்தனை காலமும் நம்பினேன். பெருமையாகவும் இருந்தது.

போன வாரம் அதே சட்டத்தை ஏரிக்கரை வீடுகளுக்கும் நீட்டிக்கத் திருத்தம் வந்தது. எல்லோரும் ஆதரித்தே ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி உத்தரவு. கொறடா என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?"

"எங்க அண்ணன் எதிர்த்து ஓட்டுப் போட்ட சட்டம் சார் இது. நான் எப்படி ஆதரிக்கிறது?"

அவர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, அண்ணா. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"யார் சொன்னாங்க? அன்னிக்கு எதிர்க்கட்சி டிவிஷன் கேட்டாங்க. ஆதரிக்கிறவங்களை எழுப்பி எண்ணப் போறோம்னு சபாநாயகர் சொன்னதும் நம்ம வரிசையில முதல்ல எழுந்து நின்னதே உங்க அண்ணன்தான். விசுவாசம்னா அவர்தாம்மா. ஒரு தடவைகூட கட்சியை மீறினதில்லை. நீங்களும் அப்படியே இருங்க."

கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் யாரையோ குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அன்றைய அவை நடவடிக்கையின் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீங்கள்தான். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் எழுகிறீர்கள். எண்ணி முடிக்கும்வரை நேராக நிற்கிறீர்கள். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட மாட்டீர்களா என்று பைத்தியம்போலக் காத்திருந்தேன்.

ஏன் அண்ணா? வெள்ளத்தில் அந்த வீடுகள் மூழ்கியதைப் பார்த்தவர் நீங்கள். அவர்கள் அங்கிருந்து போவதே நல்லது என்று நினைத்து எழுந்தீர்களா? அப்படியென்றால் அதையே அவர்களிடம் சொல்லியிருக்கலாமே?

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பெரும்பாக்கம் போனேன். ஆற்றோரத்திலிருந்து அந்தச் சட்டம் வெளியேற்றிய எல்லோரும் இப்போது அங்கேதான், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். நம் தெருவில் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த செல்வி அக்கா மேல்மாடியில் இருக்கிறார். லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனேன். அந்தச் சின்னக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் உங்கள் படம். அன்று காலையில் போட்ட புதுப் பூ.

"வா கண்ணு, அண்ணன் வூட்டுக்கு வந்தா மாதிரி நெனச்சுக்கோ. இன்னா இப்டி எளச்சுட்ட?" என்று பாயை விரித்தார்.

சொல்லாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பூவைப் பார்த்த பிறகு என்னால் அவர் கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை. "அக்கா, அண்ணன் உங்களுக்காக எதிர்த்து ஓட்டுப் போடலை. ஆதரிச்சுதான் போட்டாரு. நானே வீடியோவுல பார்த்தேன்" என்றேன்.

அழுவார் என்று நினைத்தேன். இல்லை, என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று.

"செத்துப்போன மனுசன் மேல பழி போடுறியே, உன் கூடப் பொறந்தவரு இல்ல அவரு? உங்க கட்சிக்காரங்க சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா?"

"இல்லக்கா, சத்தியமா..."

"வாணாம், பேசாத. வேலக்கிப் போவ ரெண்டு பஸ்சு மாறிகினு கெடக்கறேன். ஆனா நமக்காவ ஒருத்தராச்சும் நின்னாரேன்னு ஒரு நெனப்பு கீது. அதுவும் பொய்யின்னா, நான் இம்மா நாளு யார நம்பிகினு இருந்தேன்? சொல்லு."

அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், அண்ணா?

நேற்று அவையில் டிவிஷன் வந்தது. "ஆதரிப்போர் எழுந்து நில்லுங்கள்" என்றார் சபாநாயகர். என் வரிசை முழுவதும் எழுந்தது. நான் எழவில்லை. தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை, நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் என் புடவைத் தலைப்பை இழுத்து, "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று கிசுகிசுத்தார். எதிர்ப்போர் எழச் சொன்னபோது எழுந்தேன். எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். கொறடா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

மசோதா நிறைவேறிவிட்டது. என் ஓட்டால் ஒரு வீடும் தப்பவில்லை. என் பதவி போய்விடும் என்கிறார்கள். "அவர் கட்டிக் காப்பாத்துன பேரை ஒரே நாள்ல கெடுத்துட்டியே" என்றார் அண்ணி. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

சற்று முன் செல்வி அக்கா போன் செய்தார். டிவி செய்தியில் பார்த்தாராம்.

"கண்ணு, அன்னிக்கு உன்ன ஏசிட்டேன், மனசுல வெச்சுக்காத. அப்டியே உங்க அண்ணன் மாதிரியே நின்னுட்டியே! அவரு ரத்தம் இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் பாசம் எங்கும் போகவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் அந்த அக்காவிடம் மறுபடியும் போவேன். எம்.எல்.ஏ.வாக இல்லாமல், நடந்தே மாடி ஏறிப் போவேன். அவர் கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்வேன். நம்புகிறவரை சொல்வேன். நீங்கள் சொல்லாமல் போனதை நான் சொல்லிவிடுகிறேன், அண்ணா.

உங்களுக்குப் பின் பிறந்தவள்,
கிரிஜா