இரண்டாம் வருடக் கட்டணம்

அன்புக் கண்ணு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அப்பாவுக்குக் கண் கொஞ்சம் தேவலை. ஆனாலும் முதலாளி லாரிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கல்விக்கடனுக்காக மறுபடி வங்கிக்குப் போனேன். அப்பாவுக்கு வேலையில்லை என்றதும் மேலாளர் ஃபைலை மூடிவிட்டார். அங்கிருந்து நேராக உன் நர்சிங் கல்லூரிக்கு வந்தேன்.

"ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்டாம பரீட்சை எழுத முடியாதும்மா. ஒரு வருஷம் வீட்ல இருந்துட்டு வரட்டுமே" என்றார் எழுத்தர்.

"அப்படிப் போன பிள்ளைங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா சார்?"

அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

உன்னிடம் பேசாமலே திரும்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வார்டில் ஒரு கிழவருக்கு நீ கட்டுப் போட்டுக்கொண்டிருந்ததைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முடிந்த பிறகும் அவர் உன் கையை விடவே இல்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம்கூட, "எம் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது, அவளே வந்து சொட்டு மருந்து விடுவா" என்கிறார்.

வெள்ளிக்கிழமை கிளம்பி வா. நாலு நாள் ஓய்வெடுத்த மாதிரி இருக்கும். புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதே. பெட்டியையும் படுக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்துவிடு.

இப்படிக்கு,
அம்மா