விரல்கள் தெரிய வேண்டும்

ஏப்ரல் 8
மிளகு காயப் போட்டேன். மழைக்கு மறுபடி அள்ளினேன். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து மூன்று வருடம். காது கேட்காத என்னோடு கையால் பேச இங்கே ஒருவரும் இல்லை.

சேலத்தில் நான் படித்த காது கேளாதோர் பள்ளியிலிருந்து தெரசா டீச்சர் செய்தி அனுப்பியிருக்கிறார். சைகை மொழி சொல்லித்தர ஆள் வேண்டுமாம். ஒரு கதையைச் சைகையில் சொல்லி, ஏதாவது வீடியோ தளத்தில் ஏற்றி, இருபதாம் தேதிக்குள் லிங்க் அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 11
அத்தையோடு விறகுக்குப் போனபோது, எல்லோரும் பார்க்கிற தளத்திலேயே ஏற்றினேன். டீச்சரின் பதில்: "யமுனா, விரலே தெரியலம்மா. கூழ் மாதிரி இருக்கு."
போனில் தெளிவாக இருக்கிறதே! என் பேச்சே விரல்தான். அது கலங்கினால் நான் உளறுகிற மாதிரிதானே?

ஏப்ரல் 13
மறுபடி அத்தையோடு விறகு பொறுக்கப் போன சாக்கில், இன்னும் இரண்டு தளங்களில் சின்னத் துண்டு ஏற்றிப் பார்த்தேன். ஒன்றில், கை வேகமாகப் போனால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மற்றது படத்தைச் சுருக்குவதே இல்லை. நகம்கூடத் தெரிகிறது! இதுதான்.
ஆனால் சுருக்காததால் முழுதும் ஏற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வீடியோ ஏற்றும் அளவு சிக்னல் மரவள்ளிக் காட்டு மேட்டில் மட்டும். தனியே போக விடமாட்டார்கள்.

ஏப்ரல் 16
கணவரிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். எனக்குப் புரிய வேண்டுமென்றே உதட்டை மெதுவாக அசைத்தார்: "கையாட்டுற வேலைக்கெல்லாம் போக வேண்டாம். ஊட்டுலயே கெட."
போனையும் பிடுங்கிக்கொண்டார்.
கத்தினாக்கூட எனக்கே கேக்காது.

ஏப்ரல் 17
போன் இல்லை.

ஏப்ரல் 19
அவர் குளிக்கப் போனதும் அத்தை போனைக் கொண்டுவந்து நீட்டி, உதட்டை மெதுவாக அசைத்தார்: "மேட்டுக்குப் போ சாமி. கேட்டா நாந்தான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிக்கறேன்."
மகனுக்குத் தெரியாமல் ஏன் செய்தார்? தெரியவில்லை. ஓடினேன். பாறைமேல் நின்று போனை உயர்த்திப் பிடித்ததில் கை மரத்துப் போனது. ஏறிவிட்டது. லிங்க்கை டீச்சருக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 24
டீச்சர்: "ஒவ்வொரு விரலும் தெரியுது. ஜூன் பத்தாம் தேதி வந்து சேர்ந்துக்கோ."
அவரும் படித்தார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 9
"போனா திரும்பி வராதே" என்று அவர் உதட்டை அசைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அத்தை பஸ் நிற்கும் இடம்வரை வந்தார்.

ஜூன் 10
வகுப்பில் பதினோரு பிள்ளைகள். பெயர் என்ன என்று கையால் கேட்டேன். இருபத்திரண்டு கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று அடக்க வேண்டியதாயிற்று.