வெர்னாவின் பதில்

என் வெர்னாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்துச் சோளப் பண்ணை டோரீன் எழுதுகிறாள்.

கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். மாவட்டத்து வீடுகளையெல்லாம் குலுக்கிப் போட்டதில் நம் வீட்டு எண் விழுந்ததாம். இங்கே இரண்டு பேர் என்றேன். இரண்டு பேரில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரிடம்தான் கேட்பாளாம், அதுதான் விதியாம். யோசிக்காமல் சொன்னேன்: அக்டோபர் ஒன்பது, நீதான்.

“அவ தங்கச்சி வீட்ல இருக்கா. அவளுக்கும் சேத்து நானே சொல்லிடறேன். நாப்பது வருஷமா அப்படித்தானே!”

“முடியாது தாத்தா. ஆள மாத்தினா கணக்கே தப்பாயிடும். அவங்க பதில அவங்கதான் சொல்லணும்.”

மார்ச் மூன்றாம் தேதி தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிக் கார் கதவைச் சாத்தும்போது நீ சொன்னதும் இதேதான்: உன் பதிலை நீதான் சொல்வாய் என்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் கடைசித் தடவையாக வருவாள். நீ வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். நீ பேசி முடிக்கும்வரை நான் மாட்டுக் கொட்டகையிலேயே இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்